அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனால் எங்கே படுப்பது?

என் மாமனாருக்கு வயது 74. வலது முட்டியில் ஆபரேசன் ஆனவர். மாடிப்படி ஆகாது, குந்தி உட்காரவும் ஆகாது. ஆனால் ஆடி பிறந்துவிட்டால் போதும், சோறு போடும்போது மெதுவாக ஆரம்பிப்பார்: "ஏனம்மிணி, அந்தியூர் போறதுக்கு உன்ற ரோசனை என்ன?"

அவருடைய அப்பா திருப்பூர் ரயில்வே ஸ்டேசன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். வண்டியும் போச்சு, குதிரையும் போச்சு, குதிரை பார்க்கிற கண் மட்டும் மாமாவிடம் தங்கிவிட்டது. வாங்குகிற உத்தேசமெல்லாம் கிடையாது. சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்வார், விலை கேட்பார், "ம்" என்பார், அடுத்த குதிரைக்கு நகர்ந்துவிடுவார். இதற்காகக் குடும்பமே கிளம்ப வேண்டும்.

இதுவரை நாலு ஆடிக்குப் போயிருக்கிறோம், நாலு தடவையும் நாலு இடத்தில் தங்கினோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் ஓட்டை எங்கே, கறை எங்கே என்றுதான் முதலில் கண் போகும். தங்கின இடங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். எந்த இடத்தின் பேரையும் சொல்லப் போவதில்லை. நோம்பி (திருவிழாவுக்கு எங்கள் பக்கத்துப் பேர்) நாலு நாளைக்கு எந்த லாட்ஜும் அதன் வழக்கப்படி நடப்பதில்லை. அதை வைத்து வருசம் முழுவதுக்கும் ஒருவர் பேரைக் கெடுப்பது பாவம்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம். ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிப் புதுப்பாளையம். அங்கே குருநாதசாமி கோயில். ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை தேர்த்திருவிழா தொடங்கும். மகமேரு தேர்களைத் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கூடவே குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும். திப்பு சுல்தான் படைக்குக் குதிரை பிடித்த சந்தை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும் மார்வாரி, கத்தியவாரி ஜாதிக் குதிரைகள் நிற்கும். பால் வெள்ளையில் நொக்ரா குதிரை நிற்கும். காங்கேயம் காளைகள், பக்கத்து மலையிலிருந்து இறங்கி வரும் பர்கூர் மாடுகள். செங்காவி நிறத்தில் சுண்ணாம்பை உதறின மாதிரி இருக்கும் அந்த மாடுகளைப் பார்க்கவே தனியாக ஒரு கூட்டம் வரும்.

சரி, தங்கிய கதைக்கு வருகிறேன்.

முதல் வருசம் அந்தியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். சாதாரண நாளில் 700 ரூபாய் அறை, நோம்பிக்கு 2,200. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், வருசத்தில் நாலு நாள்தானே அவர்களுக்கும். போனில் கீழ் ரூம் வேண்டும், வயசானவர் இருக்கிறார் என்று இரண்டு தடவை சொல்லி, ஜிபேயில் 1,000 ரூபாய் அனுப்பினோம். போய் இறங்கினால், "கீழ் ரூமு யாவாரிங்க நாலு நாளைக்கும் சேத்து எடுத்துட்டாங்க, மேல போட்டுத் தர்றனுங்க" என்றார்கள். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்கள். மாமாவை இரண்டு மாடி ஏற்றுவதற்கு இருபது நிமிசம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "நல்ல கட்டடம்" என்று மூச்சு வாங்கினார்.

அறையில் கக்கூஸ் தரையோடு இருந்தது. கீழ் ரூமைப் பற்றி மட்டும் கேட்டேனே தவிர இதைக் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. என் வீட்டுக்காரர் கடைவீதிக்கு ஓடி 350 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார். ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து, கம்பியைக் காய்ச்சி நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு எடுத்து வந்தார். பட்டறைக்காரர் காசு வாங்கவில்லையாம். "எங்கப்பனுக்கும் இதையேதானுங்க பண்ணிக் குடுத்தேன்" என்றாராம். அந்த ஸ்டூல் இன்றைக்கும் எங்கள் கார் டிக்கியில் இருக்கிறது.

ஜன்னலுக்கு நேர் எதிரே கரண்டுக் கம்பத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர். பாட்டு பத்தரைக்கு நின்றுவிட்டது, அறிவிப்பு நிற்கவில்லை. நள்ளிரவு தாண்டியும் காணாமல் போன குழந்தைகளின் சட்டை நிறம், டவுசர் நிறம் எல்லாம் படுக்கையில் இருந்தபடியே கேட்டோம். மூன்று குழந்தைகள் தொலைந்தன, மூன்றும் கிடைத்தன. மூன்றாவது குழந்தை கிடைத்தபோது மணி ஒன்றரை. குழாயில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்கவே இல்லை. போர்வையை உதறினால் யாரோ சாப்பிட்ட பொரி விழுந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இறங்கினால் ஐந்து நிமிசத்தில் ஷேர் ஆட்டோ. முட்டி நன்றாக இருக்கிற, எங்கே படுத்தாலும் தூங்குகிற பசங்கள் நாலு பேர் என்றால் அந்த லாட்ஜுக்கு ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். எங்களுக்கு ஒன்று.

அடுத்த தடவை வீட்டுக்காரர் உறுதியாகச் சொல்லிவிட்டார், ஈரோட்டில்தான் தங்குகிறோம் என்று. லிப்ட், ஏசி, உட்காருகிற கக்கூஸ், வெந்நீர், காலையில் பூரி பொங்கலோடு டிபன். 2,800 ரூபாய், நோம்பி என்று ஒரு ரூபாய் ஏற்றவில்லை. ஈரோட்டுக்கு அந்தியூர் நோம்பி தெரியவே தெரியாது போல. அறையில் ஒரு குறையும் இல்லை. மெத்தை விரிப்பை விரலால் தேய்த்துப் பார்த்தேன், நல்ல துணி.

ஆனால் நாங்கள் அறைக்காகப் போகவில்லையே. அந்த டிபனுக்காக ஏழரை மணி வரை காத்திருந்து கிளம்பினோம். அந்தியூர் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான், வழியில் பவானி. ஆடிப்பெருக்கை ஒட்டின நாட்கள் அவை, கூடுதுறையில் காவிரிக்குக் கும்பிடு போட வந்த கூட்டம் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தியூர் வந்து சேர்ந்தால், போலீஸ்காரர் வண்டியை ஒரு காட்டுக்குள் திருப்பிவிட்டார். அங்கிருந்து நடை. மாமா சந்தைக்குள் காலை வைக்கும்போது மணி பதினொன்று. ஆடிக்காற்றில் புழுதி சுழன்று கண்ணைத் திறக்க முடியவில்லை. குதிரையெல்லாம் தகரக் கொட்டகைக்குள் தலையைத் தொங்கப் போட்டு, ஒரு காலை மடக்கி, அரைத் தூக்கத்தில் நின்றன. யாவாரிகள் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தார்கள். மாமா நாலு குதிரை பார்த்தார், ஐந்தாவதில் நின்றுவிட்டார்.

"கல்யாணம் முடிஞ்ச மண்டபத்துக்கு மொய் எழுத வந்தாப்பல இருக்குது அம்மிணி" என்றார்.

இந்தச் சந்தைக்கு உயிர் இருக்கிற நேரம் விடியக்காலையும் பொழுதிறங்கும் நேரமும்தான். விடியலில் குளிப்பாட்டுவார்கள், தேய்ப்பார்கள், ஓட்டிக் காட்டுவார்கள். மேளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடுகிற குதிரைகளை வெயில் தாழ்ந்த பின்தான் அவிழ்ப்பார்கள். ஈரோட்டில் இருந்துகொண்டு இரண்டையும் பிடிக்க வேண்டுமானால் மூன்றரைக்கு எழுந்து, திரும்பிவர நடுராத்திரி ஆகும். அப்புறம் அந்த மெத்தை எதற்கு? ஈரோட்டுக்கு அறைக்காக நாலரை, நோம்பிக்காக ஒன்றரை. சாமி கும்பிட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் போதும் என்பவர்களுக்கு அதுவே சரி. மனம் ஆறுதலாக இருக்கும்.

மூன்றாவது வருசம் கல்யாண மண்டபம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதானே கிடக்கும்? ஊரில் ஒரு மண்டபத்துக்காரர் தலைக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டு இடம் விடுகிறார் என்று கம்பெனியில் ஒரு பெண் சொன்னாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆண்கள், மேடை இருக்கும் கூடத்தில் பெண்கள். நடுவில் கயிறு கட்டிப் புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். விரிப்பதற்குப் பவானி ஜமக்காளம், சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை போட்டது. ஊரிலிருந்து இருபது கிலோமீட்டரில் நெய்கிற சாமான், புவிசார் குறியீடெல்லாம் வாங்கினது, ஆனால் எந்த லாட்ஜிலும் நான் பார்த்ததில்லை. கெட்டி நெசவு. கீழே சிமெண்டுத் தரை இருப்பதே முதுகுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் குளிர் ஏறவில்லை.

இந்த மண்டபத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். எனக்கு இந்தப் பக்கம் தர்மபுரிக்கார அம்மா, அந்தப் பக்கம் கொள்ளேகால் பக்கத்திலிருந்து மலை இறங்கி வந்த மூன்று பெண்கள். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்கள். தர்மபுரி அம்மா முறுக்கு எடுத்தார், நான் கச்சாயம் எடுத்தேன், அவர்கள் ஒரு துணி மூட்டையை அவிழ்த்து வறுத்த அவரைக்கொட்டை எடுத்தார்கள். எட்டாவது படிக்கிற என் பொண்ணு செல்போனைக் கீழே வைத்த ஒரே ராத்திரி அதுதான். வயசானவர் இருக்கிறார் என்றதும் மேஸ்திரி மணமகன் அறையைத் திறந்து மாமாவுக்குக் கட்டில் கொடுத்தார். ரோஜாப்பூத் தோரணம் ஒட்டின கண்ணாடிக்கு முன்னால், வெல்கம் என்று எழுதின தெர்மாகோல் பலகைக்குக் கீழே, மாமா மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தார். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கோளாறு எங்கே என்றால், பெண்கள் பக்கம் கக்கூஸ் நாலு, ஆட்கள் நூற்றுக்கு மேலே. நாலு மணிக்கு எழுந்தால்தான் இடம். ஐந்து மணிக்கு எழுந்தால் வரிசை மேடை வரைக்கும் வந்துவிடும். குளிக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் குளிக்க ஒருவர் காவல். பையைத் தலைக்கு வைத்துத்தான் படுக்க வேண்டும். என் செருப்பு போய்விட்டது. புதுசு கூட இல்லை, எடுத்தவருக்குப் பொருந்தியிருந்தால் சரி. பெண்கள் மட்டும் கூட்டமாக வருகிறீர்கள் என்றால் தயங்காமல் மண்டபத்துக்குப் போங்கள், லாட்ஜைவிடப் பயமில்லாமல் தூங்கலாம். தனியாக வரும் ஆண்பிள்ளைக்கும் இதைவிட மலிவு கிடைக்காது.

நாலாவது இடம்தான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். வெற்றிலை யாவாரம் பண்ணுகிற ஒருவர் மூலமாகக் கிடைத்த தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீடு. கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு உள்ளேதான். மெயின் ரோட்டிலிருந்து இட்டேரிக்குள் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, கார் கதவில் கோடு போட்டுவிட்டது. போட்ட கோடு இன்னும் இருக்கிறது. உள்ளே வாழை, கொஞ்சம் மஞ்சள், அறுத்து முடித்த சோளக்காடு. ஓட்டு வீடு, முன்னால் நீள ஆசாரம் (திறந்த தாழ்வாரம்), பின்னால் மாட்டுக் கட்டுத்தறி. அந்த வீட்டு அக்கா வாசலில் நின்று, "வாங்க, வாங்க, மாமனைப் பாத்து எறக்குங்க, அங்க கல்லு இருக்குது" என்றார். முன்பின் பார்த்தவர் இல்லை.

வாடகை பேசலாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். "ஊட்டுக்கு வர்றவங்ககிட்ட ரேட்டு சொல்லிப் பழக்கமில்லீங்க. ஒரம்பரை மாதிரி இருங்க, போறப்ப மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் குடுத்துட்டுப் போங்க." கேட்க இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டு நாளும் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. குறைத்துக் கொடுத்தால் அவமரியாதை, கூட்டிக் கொடுத்தால் வாங்க மாட்டார். கடைசியில் இரண்டு ராத்திரி, நாலு பேர் சாப்பாடு என்று 3,500 ரூபாயை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். அவர் 500-ஐ என் பொண்ணு கையில் திருப்பித் திணித்து, ஒரு கட்டு வெற்றிலையும் கொடுத்தார். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் திருப்பூர் வரைக்கும் கார் முழுக்க அந்த வாசம்.

சாப்பாடு அவர்கள் சாப்பிடுகிறதுதான். ராத்திரி அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும். மறுநாள் மத்தியானம் கொள்ளுப் பருப்பு கடைந்தது, அதன் தண்ணியில் ரசம். மாமா மூன்று தடவை ரசம் கேட்டுக் குடித்தார். வீட்டில் நான் வைத்தால் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வார், அது வேறு விசயம்.

விடியக்காலை ஐந்து மணி இருக்கும். மாமாவின் கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய் வெளியே வந்தால், போர்வெல் பக்கத்துத் தண்ணித் தொட்டிக்கு முன்னால் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் காப்பி டம்ளர். யாவாரிகள் சிலர் ராத்திரி அந்தச் சோளக்காட்டில்தான் குதிரையைக் கட்டியிருந்தார்களாம், எங்களுக்குத் தெரியாது. ஒரு பையன் வெள்ளைக் குதிரையை ஓட்டிவந்து தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். முதலில் கால்களுக்குத் தண்ணி ஊற்றினான், அப்புறம் வயிறு, அப்புறம் முதுகு. எடுத்த எடுப்பில் முதுகில் ஊற்றக் கூடாது என்று மாமா எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு, உள்ளங்கையின் ஓரத்தால் கழுத்திலிருந்து தோள் வரை வழித்தான். தண்ணி வரிவரியாக இறங்கியது. அந்தக் குளிரில் குதிரை மேலிருந்து ஆவி கிளம்பியது. குதிரை தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்ததும், மாமாவின் வேட்டி, காப்பி எல்லாம் நனைந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், குதிரையின் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். அது மோந்து பார்த்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை, பிடியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தான். கைத்தடி கட்டிலிலேயே கிடந்தது. எங்கள் கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் மாமா இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

இதையும் நான் செக்கிங் பண்ணாமல் விட மாட்டேன். சாளையில் கக்கூஸ் வீட்டிலிருந்து நாற்பது எட்டு வைக்கிற தூரம் தள்ளி. லைட் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறது, அதாவது நீங்கள் உள்ளே இருக்கும்போது யாராவது அணைத்துவிட்டால் சத்தம் போட வேண்டியதுதான். அங்கே ஓட்டை ஸ்டூல்தான் கை கொடுத்தது. நாய் முதல் ராத்திரி முழுக்க எங்களைப் பார்த்துக் குரைத்தது, இரண்டாம் ராத்திரி எங்கள் காலடியில் படுத்துக்கொண்டது. கொசு உண்டு. நாலு மணிக்கு மயில் அகவும், அது வீட்டுக் கூரை மேல் நின்று அகவினால் அலாரம் வேண்டாம். மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு வருகிற நேரத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டால்தான் தண்ணி, ஷவர் கேட்கிறவர்கள் வர வேண்டாம். அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, வெளிப்பூட்டு இல்லை. மழை பெய்தால் இட்டேரியில் கார் நகராது. என் பொண்ணு சிக்னல் இல்லை என்று முதல் நாள் அழுதாள். இத்தனையும் கழித்து ஐந்துக்கு நாலேகால்.

எந்த இடமானாலும் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: கக்கூஸ் எங்கே, எந்த மாதிரி, தேர் அன்றைக்கு வண்டி எது வரைக்கும் வரும், கரண்டு போனால் தண்ணி உண்டா, ராத்திரி எத்தனை மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள். ஏசி உண்டா என்று கேட்கிற நேரத்தில் இதைக் கேட்கலாம், ஆடிக்காற்றில் ஏசி எதற்கு? அட்வான்ஸ் அனுப்பினால் எந்த அறை, என்ன தேதி என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். முதல் வருசம் அது இருந்திருந்தால் மாமா மாடி ஏறியிருக்க மாட்டார்.

எல்லா நோம்பிக்கும் இந்தக் கணக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்ணாரி மாரியம்மன் கோயில் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்கு, என் தங்கச்சி பங்குனியில் போவாள். குண்டம் இறங்குவது செவ்வாய்க்கிழமை விடியக்காலை, வரிசை முந்தின நாளே படுத்துவிடும். அங்கே சத்தியமங்கலத்தில் ரூம் போடுவது பையை வைக்கத்தான், ராத்திரி முழுக்க வரிசையில்தான் கிடப்பாள். அவளுக்கு ரூமைவிட ஒரு நல்ல போர்வைதான் முக்கியம்.

இந்த ஆடிக்குச் சாளை அக்காவுக்குப் போன வாரம் போன் பண்ணினேன். மைசூர்ப் பக்கத்திலிருந்து யாவாரிகள் வந்து இரண்டு அறையும் கேட்டு வாங்கிவிட்டார்களாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அதுக்கென்னங்க, ஆசாரத்துல கட்டலு போட்டுத் தர்றேன், மாமனுக்குத் தொட்டி நேராத் தெரியும்" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமா சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஸ்டூலை எடுத்து வெயில்ல காய வைக்கச் சொல்லு" என்றார்.